விண்ணுலகிலா, பரமண்டலங்களிலா?

அம்மா வீடு ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கம்), அப்பா வீடு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டண்ட்). அம்மாவைப் பெற்ற ஆச்சி இறந்த அன்று கூடத்தில் இரண்டு பக்கத்துச் சொந்தங்களும் நின்றிருந்தோம். இயேசு சீடர்களுக்குச் சொல்லித் தந்த ‘கர்த்தர் கற்பித்த ஜெபத்தை’ யாரோ தொடங்கினார்கள். முதல் சொல்லிலேயே குரல்கள் பிரிந்தன. ஒரு பக்கம் 'விண்ணுலகில் இருக்கின்ற எங்கள் தந்தையே'; மறுபக்கம் 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே'. 'தீமையிலிருந்து எங்களை விடுவித்தருளும், ஆமென்' என்று அம்மா பக்கம் முடித்துச் சிலுவை போட்டுவிட்டார்கள். அப்பா பக்கம் மட்டும் 'ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்' என்று தொடர்ந்தது. சித்தி என் கையைப் பிடித்தபடி, அது முடியும்வரை தலைகுனிந்து நின்றார்.

அந்தக் கடைசி வரிதான் பெரிய வித்தியாசம் என்பார்கள். மத்தேயு நற்செய்தியின் மிகப் பழைய கிரேக்கச் சுவடிகளான சினாய், வத்திக்கான் பிரதிகளில் அது இல்லை. கத்தோலிக்கரின் பழைய லத்தீன் பைபிளான வுல்காத்தாவிலும் இல்லை. பிற்காலக் கிரேக்கப் பிரதிகளில் உண்டு. சீர்திருத்தக் காலத்துப் புராட்டஸ்டண்ட் மொழிபெயர்ப்புகள் அவற்றைப் பின்பற்றியதால் அப்பா பக்கம் அது நிலைத்துவிட்டது. அதற்காக அதைப் பிற்காலச் சரக்கு என்று தள்ளவும் முடியாது. தொடக்கத் திருச்சபையின் 'திதகே' நூலிலேயே அதன் குறுவடிவம் இருக்கிறது. இன்றைய கத்தோலிக்கத் திருப்பலியிலும் (பூசையிலும்) குருவின் மன்றாட்டுக்குப் பிறகு மக்கள் அதைச் சொல்கிறார்கள். செபமாலையில்தான் வராது. இதை வைத்துச் சண்டை போடுவது வீண்.

தமிழில் உண்மையான பிரிவு சொற்களில்தான். ஆச்சி காலத்துக் கத்தோலிக்கரும் 'பிதாவே' என்றுதான் அழைத்தார்கள். 'நாமம் அர்ச்சிக்கப்படுவதாக' என்றார்கள். கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு (1962–65) பிறகு அவர்கள் தமிழ் மாறியது: நாமம் பெயரானது, இராச்சியம் ஆட்சியானது, சித்தம் திருவுளமானது. சி.எஸ்.ஐ. ஆலயங்களில் பழைய சொற்களே ஒலிக்கின்றன. 'செபம்', 'ஜெபம்' என்ற எழுத்திலேயே ஆள் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். புதிய தமிழ் சிறுபிள்ளைக்கும் விளங்குகிறது. அது பெரிய காரியம். ஆனாலும் 'அன்றன்றுள்ள எங்கள் அப்பத்தை' என்பதில் உள்ள வீட்டு வாசனை 'அன்றாட உணவை' என்பதில் எனக்குக் கிடைப்பதில்லை.

ஒரு வரியில் மட்டும் பழைய கத்தோலிக்கத் தமிழே இரண்டையும் வென்றது என்பேன். இன்று ஒரு பக்கம் 'சோதனைக்கு உட்படுத்தாதேயும்', மறுபக்கம் 'சோதனைக்குட்படப்பண்ணாமல்'. கிரேக்கத்துக்கு நெருக்கம்தான், ஆனால் கடவுளே நம்மைச் சோதனைக்குள் தள்ளுகிறாரோ என்று கேட்பவர் மனம் தடுமாறும். ஆச்சி சொன்னது 'சோதனையில் விழவிடாதேயும்'. 2017-ல் பிரெஞ்சுக் கத்தோலிக்கரும், 2019-ல் போப் பிரான்சிஸின் ஒப்புதலோடு இத்தாலியக் கத்தோலிக்கரும் திருத்தியது இந்த வரியைத்தான், ஏறக்குறைய இந்தப் பொருளுக்குத்தான்.

இரவு ஜெபத்தில் என் பிள்ளைகளுக்கு அந்த வரியை ஆச்சியின் சொல்லில் சொல்லித் தருகிறேன். முடிவு வரி அப்பாவுடையது.