டில்லியின் முகலாயக் கட்டடங்கள்: மட்டக்களப்பிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு மதிப்பீடு

மட்டக்களப்பு, காத்தான்குடி, கல்முனைப் பக்கத்திலிருந்து டில்லி போகும் குழுக்களின் பயணத்திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் இருக்கிறது. முதல் நாள் செங்கோட்டை, ஜும்ஆ பள்ளிவாசல், குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை என்று வான் வண்டியில் ஏற்றி இறக்குவார்கள். மறுநாள் விடியவே ஆக்ரா. இந்த ஓட்டத்தில் அநியாயமாகக் கெட்டுப்போவது ஹுமாயூன் கல்லறை. பொழுது சாயும் நேரத்தில் அங்கே இறக்கி, "அரை மணித்தியாலத்தில் வாங்கோ" என்பார்கள். டில்லியில் முகலாயர் விட்டுப்போனவற்றில் நிறைவாக நிற்பது அதுதான். அதற்கு மட்டும் மூன்று மணித்தியாலம் ஒதுக்க வேண்டும்.

முதலில் காசு விஷயம். இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு, தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கின் நாட்டவர் என்பதால், இந்தியத் தொல்லியல் துறையின் பெரும்பாலான இடங்களில் இந்தியர் கட்டணமே. ஹுமாயூன் கல்லறையில் கவுன்டரில் 40 ரூபாய். மற்ற வெளிநாட்டவருக்கு 600. செங்கோட்டையிலும் இந்தச் சலுகை உண்டு. ஆனால் கையில் அசல் கடவுச்சீட்டு இருக்க வேண்டும். அதை ஹோட்டலில் வைத்துவிட்டுப் போட்டோப் பிரதியோடு போனால் வெளிநாட்டவர் வரிசைக்கு அனுப்பிவிடுவார்கள். இணையத்தில் எடுப்பதென்றால் தேசியம் என்ற இடத்தில் சார்க் என்பதைத் தெரிவு செய்யுங்கள். நம் வங்கி அட்டை அங்கே மறுக்கப்படலாம், சில்லறை நோட்டு வைத்திருப்பது நல்லது. கனடாவிலிருந்தோ சுவிஸிலிருந்தோ வந்த சொந்தக்காரர் கூட வந்தால் அவருக்கு முழுக் கட்டணம்தான். கவுன்டரில் நின்று வாதாடிப் பயனில்லை. 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம். தாஜ்மகாலில் மட்டும் கணக்கு வேறு: சார்க் நாட்டவருக்கு 540, மற்றவருக்கு 1100, உள்ளே கல்லறை மண்டபத்துக்கு ஏற இன்னும் 200.

முகலாயப் பேரரசர் ஹுமாயூன் 1556இல் டில்லியின் பழைய கோட்டையில் நூலகப் படியில் தவறி விழுந்து இறந்தார். அவருக்காக மனைவி பேகா பேகம், பாரசீகத்திலிருந்து வந்த கட்டடக் கலைஞர் மீரக் மிர்ஸா கியாஸைக் கொண்டு எழுப்பிய கட்டடம் இது. தாஜ்மகாலுக்கு அத்திவாரம் போடுவதற்கு ஏறக்குறைய அறுபது வருடம் முந்தியது. இப்போது உள்ளே போவது மேற்கு வாசலால். அதனால் காலையில் வெயில் கட்டடத்துக்குப் பின்னால் நிற்கும், முகப்பு இருண்டு கிடக்கும். பிற்பகல் மூன்று மணிபோல் போனால் செம்மணற்கல்லும் வெண்சலவைக்கல்லும் கண்முன்னே நிறம் மாறுவதைப் பார்க்கலாம். மேடைக்கு ஏறும் படிகள் உயரமானவை, செங்குத்தானவை. முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் கீழே தோட்டத்திலேயே இருக்கலாம், வாய்க்கால்களும் நிழலும் உண்டு.

நடு மண்டபத்தில் அலங்காரமில்லாத ஒரு வெள்ளைக் கல் கிடக்கிறது. உண்மையான கல்லறை அதற்கு நேர் கீழே, தரைக்கு அடியில். பலர் அந்தக் கல்லைப் படமெடுத்ததும் திரும்பிவிடுகிறார்கள். மேற்குப் பக்கத்துக் கல்ஜன்னலை நின்று பாருங்கள். துளைத்த கல்லின் நடுவில் மிஹ்ராப் (பள்ளிவாசலில் தொழுகைத் திசை காட்டும் மாடம்) வடிவம் கோடாக வெட்டப்பட்டிருக்கிறது. கிப்லா என்ற தொழுகைத் திசையிலிருந்து வரும் வெளிச்சம் அதனூடாக உள்ளே விழுகிறது. மாலையில் போகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கூரையில் தண்ணீர் ஒழுகுகிறது என்று இருபதாம் நூற்றாண்டில் கொங்கிரீட் போட்டு மூடியிருந்தார்கள். ஆகா கான் அறக்கட்டளை திருத்த வந்தபோது, கூரையிலிருந்து மட்டும் பத்து இலட்சம் கிலோவுக்கு மேல் கொங்கிரீட்டை உடைத்து இறக்கி, பழைய முறைப்படி சுண்ணாம்புச் சாந்து பூசியது. பழைய பள்ளிவாசலையும் கோயிலையும் சீமெந்தால் பூசி "புனரமைத்தோம்" என்று கல்வெட்டு வைக்கும் நம்மூர் நிர்வாக சபைகள் இந்தக் கூரையின் கதையைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

வியாழக்கிழமை போவது மிகச் சிறப்பு. வீதியைக் கடந்து சூஃபி ஞானி நிஸாமுத்தீன் அவுலியாவின் தர்ஹாவுக்கு நடந்தே போகலாம், அன்று மாலை கவ்வாலி என்ற சூஃபிப் பாட்டு உண்டு. ஒழுங்கை நெரிசல், பணப்பையை முன்பக்கம் வையுங்கள். அவுலியா அடங்கியிருக்கும் சியாரத்துக்கு உள்ளே பெண்களை விடுவதில்லை, வெளியே கல்வேலி அருகில் இருக்கலாம். ஷாஜகானின் மகள் ஜஹானாராவின் கபுறும் (கல்லறை) அந்த வளவில்தான். வானம் பார்த்த கபுறு, மேலே புல் வளர்ந்திருக்கும்.

செங்கோட்டைக்கு வருவோம். ஷாஜகான் தலைநகரை ஆக்ராவிலிருந்து மாற்ற முடிவெடுத்தது 1638இல். அதே வருடம்தான் மட்டக்களப்புக் கோட்டையை ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். வெளிமதிலைக் கண்டு வாய்பிளந்தவர்கள் உள்ளே போனதும் ஏமாறுவதற்குக் காரணம் உண்டு. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு ஆங்கிலேயர் அரண்மனைக் கட்டடங்களில் பெரும்பகுதியை இடித்துப் படைவீரர் குடியிருப்புக் கட்டினார்கள். சுவர்க்க வாய்க்கால் என்ற நீரோடை வறண்டு கிடக்கிறது. மயிலாசனத்தைப் பாரசீக மன்னர் நாதிர் ஷா 1739இலேயே கொண்டுபோய்விட்டார். மிச்சமிருப்பதில் திவானே ஆம் என்ற பொதுச் சபை மண்டபத்தின் அரியணை மேடையைத் தவறவிடாதீர்கள். அதன் பின்சுவரில் வண்ணக்கல் பதித்த பறவைகளும் பூக்களும், உச்சியில் வயலின் போன்ற கருவி வாசிக்கும், கிரேக்கப் புராணத்து இசைஞன் ஓர்பியஸும். அவன் இசைக்கு மிருகங்கள் அடங்கிக் கிடக்கின்றன. மீன்பாடும் தேனாடான மட்டக்களப்பாருக்கு இது அந்நியமான காட்சியல்ல. கிட்டப்போக விடமாட்டார்கள், போனில் பெருப்பித்துத்தான் பார்க்க வேண்டும். திங்கட்கிழமை கோட்டை மூடு. ஆகஸ்ட் 15க்கு முந்திய நாட்களிலும் மூடிவிடுவார்கள். இரண்டு மணித்தியாலம் போதும்.

அங்கிருந்து ஜும்ஆ பள்ளிவாசல் நடைதூரம். தொழுகை நேரத்தில் சுற்றுலா வருவோரை விடமாட்டார்கள், தொழப் போகிறவர்களுக்குத் தடையில்லை. கமராவுக்கும் மினாராவில் ஏறவும் தனிக்காசு. முற்றக் கல் வெயிலில் காலைச் சுட்டுவிடும், தடித்த காலுறை கொண்டுபோங்கள். பக்கத்து ஒழுங்கைகளில் காலையில் நிஹாரி என்ற இறைச்சிக் குழம்பும் ரொட்டியும் கிடைக்கும். ஹலால் கவலை இல்லை.

செங்கோட்டைக்கும் ஹுமாயூன் கல்லறைக்கும் நடுவே ஓட்டோக்காரரிடம் மாட்டிக்கொள்ளாமல் ஊதா நிற மெட்ரோவில் போங்கள். லால் கிலா நிலையத்தில் ஏறி ஜவஹர்லால் நேரு மைதான நிலையத்தில் இறங்கினால் ஹுமாயூன் கல்லறைக்கு இரண்டு கிலோமீற்றர்தான். குதுப் மினார் முகலாயருடையது அல்ல, அவர்களுக்கு முந்நூறு வருடம் முந்தியது. அதை இன்னொரு பயணத்துக்கு விடலாம்.

புதன் செங்கோட்டை, வியாழன் ஹுமாயூன், சனி ஆக்ரா என்று போடுங்கள். வெள்ளி தாஜ்மகால் மூடு. மாதம் என்றால் பெப்ரவரி, இல்லையேல் மார்ச் முற்பாதி. மே, ஜூனில் வெயில் 40 பாகை தாண்டும். டிசம்பர், ஜனவரியில் மூடுபனி கட்டடத்தையே மறைத்துவிடும். வாவிக்கரைக் குளிருக்கு வாங்கிய மெல்லிய சுவெட்டர் அங்கே காணாது.