மார்சேய் நகரில் பதினான்கு ஆண்டுகள்: காற்றைக் கேட்டுவிட்டுப் பயணச்சீட்டு எடுங்கள்

சென்ற வாரம் என் படுக்கையறைச் சன்னலின் வெளிப்புற மரக்கதவைப் பழுதுபார்த்தேன். கொக்கி, கீல், கூலி எல்லாம் சேர்த்து 280 யூரோ ஆயிற்று. இந்த வீட்டில் இது மூன்றாவது முறை. அதே வாரம் புதுச்சேரியிலிருந்து பள்ளித் தோழர் ஒருவர், "அடுத்த ஆண்டு குடும்பத்தோடு மார்சேய்க்கு வரலாம் என்றிருக்கிறோம், எந்த மாதம் நன்றாக இருக்கும்?" என்று கேட்டு எழுதியிருந்தார். செலவுச் சீட்டும் அவருடைய கேள்வியும் ஒரே நாளில் கைக்கு வந்திராவிட்டால், இரண்டு வரியில் பதில் அனுப்பிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். பிரான்சின் இரண்டாவது பெரிய நகரம், கிரேக்கர்கள் கி.மு. 600 வாக்கில் நிறுவிய துறைமுகம் என்பன போன்ற செய்திகள் எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் கிடைக்கும். அவற்றை விட்டுவிட்டு, 2011 முதல் இங்கே குடியிருப்பவன் என்ற முறையில் கையேடுகள் அரை வரியில் கடந்துவிடும் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இந்த ஊரில் மாதத்தைக் கேட்பதைவிடக் காற்றைக் கேட்பதே முறை. மிஸ்த்ரால் என்ற வடமேற்குக் காற்று ஆண்டு முழுவதும் எப்போது வேண்டுமானாலும் வரும். குளிர்காலத்திலும் வசந்தத்திலும் கூடுதலாக வரும். பிஸ்கே வளைகுடாப் பக்கம் உயர் அழுத்தமும் இத்தாலியின் ஜெனோவா வளைகுடாவில் தாழ்வழுத்தமும் சேர்ந்து அமையும்போது, வடக்கிலிருக்கும் குளிர்ந்த காற்று ஆல்ப்ஸ் மலைக்கும் பிரான்சின் நடுமேட்டு நிலத்துக்கும் இடைப்பட்ட ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நெருக்குண்டு, வேகம் கூடி, கடலை நோக்கிப் பாய்ந்து வருகிறது. மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டுவதும் உண்டு. வந்தால் மூன்று நாள், இல்லையேல் ஆறு, அதுவும் இல்லையேல் ஒன்பது என்று இங்குள்ள முதியவர்கள் கணக்குச் சொல்வார்கள். நான் எண்ணிப் பார்த்தவரையில் காற்று அந்தக் கணக்கை மதிப்பதில்லை.

வேகத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அதன் கள்ளத்தனத்தைத்தான் பொறுக்க முடிவதில்லை. நம் ஊரில் பலத்த காற்று என்றால் வானம் கறுத்திருக்கும், கடல் நிறம் மாறியிருக்கும், புயல் சின்னம் என்று வானொலியில் சொல்லியிருப்பார்கள். மிஸ்த்ரால் வீசும் நாளில் வானத்தில் ஒரு துண்டு மேகம் இராது. கழுவித் துடைத்த நீலமாக இருக்கும். அறைக்குள்ளிருந்து பார்த்தால் ஆண்டிலேயே அழகான நாள் அதுவாகத்தான் தெரியும். பாரிஸிலிருந்து மூன்றேகால் மணிநேரத்தில் அதிவேக ரயிலில் வந்து இறங்குபவர்கள், சேன்-ஷார்ல் நிலையத்தின் 104 படிகளின் உச்சியில் நின்று, வெயிலைக் கண்டு மேல்சட்டையைக் கழற்றிப் பெட்டிக்குள் வைப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். படி இறங்கி முதல் தெருமுனையில் திரும்பியதும் அதே பெட்டியை நடைபாதையில் திறந்துபோட்டுச் சட்டையைத் தேடுவார்கள்.

'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்று நாம் சொல்வதை உயர்வு நவிற்சி என்றே நெடுங்காலம் நினைத்திருந்தேன். மார்சேய்க்கு மேற்கே கிரோ என்றொரு கல்லாந்தரை உண்டு. அங்கே வீசும் 'கரிய வடகாற்று' கற்களை உருட்டிச் செல்கிறது, வண்டியில் போகிறவர்களைக் கீழே தள்ளி அவர்களுடைய ஆயுதத்தையும் ஆடையையும் பறித்துக்கொள்கிறது என்று ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ குறித்திருக்கிறார். அம்மிக்குச் சாட்சி அங்கேயும் இருக்கிறது. என் தாத்தா புதுச்சேரியில் நாங்கள் 'சொல்தா' என்று அழைக்கும் பிரெஞ்சுப் படைவீரர். கப்பலில் வந்து இந்த ஊரின் ஜோலியெத் துறையில் இறங்கியவர். மார்சேயைப் பற்றி அவர் வீட்டில் சொன்னது ஒரே ஒரு செய்திதான்: "கப்பல்ல வராத மயக்கம், துறையில நின்னப்ப காத்துல வந்துச்சு." கிழவர் கதை அளக்கிறார் என்று சிரித்திருக்கிறோம்.

கதவு போன இரவைச் சொல்ல வேண்டும். மூன்றாம் மாடி, வடக்கு பார்த்த சன்னல். நள்ளிரவு கடந்து இரண்டு மணி இருக்கும். கதவைச் சுவரோடு பிடித்து வைக்கும் இரும்புக் கொக்கி முறிந்து, ஆளுயரப் பலகை சுவரில் அறைந்தது, ஒரு நொடி ஓய்ந்தது, மறுபடி அறைந்தது. அந்த ஒரு நொடி ஓய்வுதான் கொடுமை, இனி அறையாது என்று ஒவ்வொரு முறையும் மனம் நம்பிவிடும். கீழே தெருவில் நிறுத்தியிருந்த வண்டிகளின் மேல் பலகை விழுந்தால் என்ன ஆவது என்று பதறிப்போய், பழைய கைலி ஒன்றை நீளவாக்கில் கிழித்து முறுக்கி, இடுப்பளவு உடல் சன்னலுக்கு வெளியே தொங்க, என் மனைவி பின்னாலிருந்து என்னைப் பிடித்துக்கொள்ள, கதவின் குறுக்குச் சட்டத்தையும் அறைக்குள்ளிருந்த வெப்பக் குழாயையும் சேர்த்துக் கட்டினேன். விடியும்வரை இருவரும் தூங்கவில்லை. கட்டட நிர்வாகத்துக்கு எழுதியதற்கு, காற்றினால் நேர்ந்த சேதம் பொதுச் செலவில் சேராது என்று மிக மரியாதையான கடிதம் ஒன்று வந்தது. இந்த ஊரில் காற்றைத் தவிர வேறு எதனால் சன்னல் கதவு உடையும் என்று திருப்பிக் கேட்டேன். அதற்குப் பதில் இன்னும் வரவில்லை.

இனித் தோழரின் கேள்விக்கு வருகிறேன். மார்ச், ஏப்ரல் மாதங்களை மனமறிந்து யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பூக்கள் இருக்கும், கூட்டம் குறைவாக இருக்கும், விடுதி வாடகையும் மலிவாக இருக்கும். ஆனால் தீவுக்குப் போகலாம் என்று பழைய துறைமுகத்துக்குக் காலையில் போனால், இஃப் கோட்டைத் தீவில் படகு அணைய முடியாது என்று பலகை தொங்கும். காற்று கொஞ்சம் தணிந்திருந்தால் பக்கத்திலுள்ள ஃப்ரியூல் தீவுக்கு மட்டும் ஆள் ஏற்றுவார்கள். தணியாவிட்டால் அதுவும் இல்லை. ஆகவே, எத்தனை நாள் தங்கினாலும், படகுப் பயணத்தை முதல் நாளிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளுக்கு ஒத்திப்போட்டு ஏமாந்து ஊர் திரும்பிய என் விருந்தினர்களை எண்ணக் கை விரல்கள் போதாது.

கோடையில் காற்று இராது என்று நினைப்பவர்கள் இரண்டு இடங்களில் அடிபடுவார்கள். முதலாவது கடல். ஜூலையில் 23, 24 பாகை வெப்பத்தில் இதமாக இருக்கும் நீர், இரண்டு நாள் மிஸ்த்ரால் வீசிய பிறகு 16, 17 பாகைக்கு இறங்கிவிடும். காற்று மேல்நீரைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போக, அடியிலிருக்கும் குளிர்நீர் அந்த இடத்துக்கு ஏறி வருவதுதான் காரணம். வெளியே 32 பாகை வெயில், காலை நனைத்தால் பனிக்கட்டி. இரண்டாவது காடு. நகரின் தெற்கே சுண்ணாம்புப் பாறைகளுக்கிடையே கடல் புகுந்திருக்கும் கலாங்க் குடாக்கள் 2012 முதல் தேசியப் பூங்காவாக இருக்கின்றன. பலர் இந்த ஊருக்கு வருவதே அவற்றுக்காகத்தான். ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை அந்தக் குன்றுப் பகுதிக்குள் போகலாமா கூடாதா என்பதைத் தீப்பிடிக்கும் அபாயத்தைப் பார்த்து அரசு நிர்வாகம் ஒவ்வொரு நாளும் முடிவு செய்து, முந்தைய நாள் மாலை ஆறு மணி வாக்கில் வண்ண வரைபடமாக அறிவிக்கிறது. சிவப்பு என்றால் போகக் கூடாது. காற்று வீசினால் பெரும்பாலும் சிவப்புதான். இதைக் கெடுபிடி என்று நானும் ஒருகாலத்தில் முணுமுணுத்ததுண்டு. 2025 ஜூலை 8 அன்று நகரின் வடக்கே லெ பென்-மிராபோவில் பிடித்த தீ காற்றில் ஏறி ஒரே பகலில் நகரின் 16ஆம் வட்டம் வரை வந்து, விமான நிலையத்தையே மூடவைத்ததைப் பார்த்த பிறகு முணுமுணுப்பதை நிறுத்திவிட்டேன். இன்னொன்று: சுழித்தோன் குடாவுக்கு 2022 முதல் கோடையில் முன்பதிவு வேண்டும், கட்டணம் இல்லை, நாளொன்றுக்கு 400 பேர் மட்டும். முன்பெல்லாம் ஒரே நாளில் 2,500 பேர் வரை இறங்கி, சரிவின் மண்ணே அரித்துப் போயிற்று.

அக்டோபரைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வது. காடு திறந்திருக்கும், கோடை முழுதும் வாங்கிய சூட்டைக் கடல் இன்னும் விட்டிருக்காது, துறைமுகக் கரையில் நாற்காலி கிடைக்கும். இந்த ஊரின் மழையும் பெரும்பாலும் இலையுதிர்காலத்தில்தான் வரும் என்பதை மறைக்கக் கூடாது. ஆண்டு முழுவதும் சேர்த்து 500 மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும் மழைதான் என்றாலும், சில நாளிலேயே கொட்டித் தீர்த்துவிடும். 2021 அக்டோபரில் துப்புரவுப் பணியாளர் வேலைநிறுத்தத்தால் தெருக்களில் குவிந்திருந்த குப்பை ஒரு பெருமழையில் அப்படியே கடலுக்குப் போய்க் கடற்கரையெங்கும் ஒதுங்கியது. இருந்தாலும் ஐப்பசி அடைமழையில் வளர்ந்த நமக்கு இது ஒரு பொருட்டல்ல.

குளிர்காலத்தில் வருவதாக இருந்தால் பிப்ரவரி 2ஆம் தேதியை ஒட்டி வாருங்கள். அன்று விடியற்காலை இருட்டில், பழைய துறைமுகத்திலிருந்து கறுப்பு மாதா சிலையை சேன்-விக்தோர் மடத்துக்கு ஊர்வலமாக எடுத்துச் செல்வார்கள். எல்லோர் கையிலும் பச்சை மெழுகுவர்த்தி இருக்கும். பேராயர் 1781 முதல் இயங்கிவரும் அடுமனைக்குப் போய் நவெத் என்னும் பிஸ்கோத்தை ஆசீர்வதிப்பார். அது படகு வடிவில் இருக்கும். ஆரஞ்சுப்பூ நீர் மணக்கும். கருங்கல்லாகப் பல்லைச் சோதிக்கும். மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு வாங்கி வைப்பது வழக்கம். எங்கள் வீட்டில் அது மார்ச்சைத் தாண்டியதில்லை. டிசம்பரில் வந்தால், கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கும் களிமண் பொம்மைகளுக்காக 1803 முதல் நடந்துவரும் சந்தையைப் பார்க்கலாம். அங்கே தொப்பியை ஒரு கையால் அமுக்கிப் பிடித்தபடி, மேலங்கி பறக்க, காற்றை எதிர்த்துச் சாய்ந்து நடக்கும் ஓர் ஆள் பொம்மை தவறாமல் இருக்கும். இயேசு பிறந்த குடிலுக்கும் மிஸ்த்ராலுக்கும் என்ன உறவு என்று கேட்காதீர்கள். இவர்கள் பெத்லகேமிலும் அந்தக் காற்றை வீசவைத்துவிட்டார்கள்.

காற்று பிடித்துக்கொண்ட நாளில் என்ன செய்வது? பழைய துறைமுகத்தின் வடகரையில், நகராட்சி மாளிகை இருக்கும் பக்கத்தில் உட்காருங்கள். பின்னால் இருக்கும் லெ பனியே மேடு காற்றைத் தடுக்கும். வெயில் நேராக முகத்தில் விழும். எதிர்க்கரையில் அதே காப்பியைக் குடித்தால் நிழலும் காற்றும் சேர்ந்து வாட்டும். அந்த மேட்டின் உச்சியில் இருக்கும் சதுக்கத்துக்குக் காற்றாலைகளின் பெயர். ஒருகாலத்தில் அங்கே மாவு அரைத்த காற்றாலைகள் நின்றன. என்னைப் போலச் சபித்துக்கொண்டிராமல் காற்றை வேலை வாங்கியிருக்கிறார்கள். மீன் சந்தையை அன்று மறந்துவிடுங்கள், சிறு படகுகள் கடலுக்குப் போயிருக்கமாட்டா. மறுநாள் போனால் மத்தியும் கணவாயும் துள்ளத் துள்ளக் கிடைக்கும். புய்யபெஸ் என்னும் புகழ்பெற்ற மீன்குழம்பைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருப்பீர்கள். முறையாகச் செய்யும் இடத்தில் ஒருவருக்கு 60 யூரோவுக்கு மேல் ஆகும், ஒருமுறை போதும். அதைவிட, 35ஆம் எண் பேருந்து ஏறி எஸ்தாக் போய்ப் பனீஸ் வாங்கித் தின்னுங்கள். கடலை மாவைக் கூழாகக் கிண்டி, ஆறவைத்து, வட்டமாக அரிந்து, எண்ணெயில் பொரித்துத் தருவார்கள். முதல் வாயிலேயே பஜ்ஜிக் கடை நினைவுக்கு வரும்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். காற்று நின்ற மறுநாள் காலை 60ஆம் எண் பேருந்தில் நோத்ர்-தாம் தெ ல கார்த் குன்றுக்கு ஏறினால், தீவுகளின் பாறை வெடிப்பைக்கூட எண்ணிவிடலாம் போல அவ்வளவு துலக்கமாகத் தெரியும். ஆண்டுக்கு 2,800 மணிநேரத்துக்கு மேல் இங்கே வெயில் அடிப்பதற்கும், ஆகஸ்டிலும் உடல் பிசுபிசுக்காமல் இருப்பதற்கும், துவைத்த துணி ஒரு மணிநேரத்தில் காய்வதற்கும் இந்தக் காற்றுக்கே நன்றி சொல்ல வேண்டும். புதுச்சேரிக்குப் போய் மே மாத வியர்வையில் நனையும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான். இந்த நகரத்தின் நல்லவை அனைத்தையும் பட்டியலிட்டால் பாதிக்கு மேல் அதன் கணக்கில்தான் சேரும்.

இவ்வளவும் சொன்ன பிறகும், இந்தக் காற்றுக்கு இன்று மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டுதான் கொடுப்பேன். இதை எழுதும்போது நான்காவது நாளாக வீசிக்கொண்டிருக்கிறது. 67,000 பேர் அமரும் வெலோத்ரோம் விளையாட்டரங்கம்கூடப் பல ஆண்டுகள் இதனிடம் அல்லல்பட்டுவிட்டு, 2014இல் கூரை போட்டுக்கொண்டது. எனக்கு அந்த வசதி இல்லை. தோழர் அக்டோபரில் பத்து நாள் வரட்டும், மகிழ்ச்சியாகத் திரும்பட்டும். வாடகை வீடு பார்க்கும்போது படுக்கையறைச் சன்னல் எந்தத் திசை என்று கேட்கட்டும். வடக்கு என்றால், வெளிக்கதவின் கொக்கியைப் படமெடுத்து அனுப்பச் சொல்லட்டும். என் வீட்டுக்குப் புதுக் கொக்கி மாட்டியவர் இருபது ஆண்டு உழைக்கும் என்று உறுதியாகச் சொல்லிவிட்டுத்தான் போனார். கைலிக் கயிற்றை நான் இன்னும் அவிழ்க்கவில்லை.