சிக்னல்: ஆணை வந்தாலும் எடுத்துக் கொடுக்க ஏதுமில்லாத செயலி

அரசின் கண்காணிப்பிலிருந்து பயனரைக் காக்கும் என்று சொல்லப்படும் ஒரு செயலியை, நீதிமன்ற ஆணை வந்தபோது அதை நடத்துவோரால் எதை எடுத்துக் கொடுக்க முடிந்தது என்பதைக் கொண்டே மதிப்பிட வேண்டும். 2016-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவிலிருந்து அழைப்பாணை வந்தபோது, செய்திகள் அனுப்ப உதவும் சிக்னல் செயலியை நடத்துவோர் கொடுத்தவை, கணக்கு தொடங்கப்பட்ட நேரமும் கடைசியாகச் சேவையகத்தோடு இணைந்த நாளும் மட்டுமே. 2021-இல் கலிஃபோர்னியாவிலிருந்து வந்த ஆணைக்கும் இதே பதில்தான் கிடைத்தது.

செய்தியைப் பூட்டி அனுப்புவதில் மட்டும் சிக்னலுக்குத் தனிச்சிறப்பு இல்லை. அதன் குறியாக்க முறையைத்தான் வாட்ஸ்அப்பும் பயன்படுத்துகிறது. யார், யாரோடு, எப்போது பேசினார் என்ற விவரத்தையும் சேர்த்து வைக்காமலிருப்பதே சிக்னலின் வடிவமைப்பில் நான் பெரிதும் மதிக்கும் பகுதி. 2018-இல் வந்த ஏற்பாட்டின்படி, மேலே பெறுநர் முகவரி மட்டும் எழுதிய தபால் உறையைப் போல, அனுப்புநரின் அடையாளம் பூட்டிய செய்திக்குள்ளேயே செல்கிறது. குழுவின் பெயரும் உறுப்பினர் பட்டியலும்கூடச் சேவையகத்துக்குப் படிக்கக் கூடிய வடிவில் போவதில்லை. நன்கொடையில் இயங்கும் இலாப நோக்கற்ற அமைப்பு என்பதால், விளம்பரத்துக்காகத் தரவு திரட்டும் தேவையும் அதற்கு இல்லை. எனினும், இணைப்பு எந்த ஐபி முகவரியிலிருந்து (இணையத்தில் நம் இணைப்பைக் குறிக்கும் எண்) வருகிறது என்பதைச் சேவையகம் அந்தக் கணத்தில் காணவே செய்யும். அதைப் பதிந்து வைக்காமலிருப்பதில் நாம் அவர்களை நம்பித்தான் ஆக வேண்டும்.

பெரிய குறை தொலைபேசி எண். 2024 பிப்ரவரியில் பயனர்பெயர் வசதி வந்ததால் பிறரிடமிருந்து எண்ணை மறைக்கலாம். ஆனால் கணக்கு தொடங்க எண் இன்றும் தேவை. அடையாளச் சான்று இல்லாமல் சிம் அட்டை வாங்க முடியாத இந்தியாவில், எண்ணைத் தருவது பெயரைத் தருவதற்குச் சமம். எண்ணைக் கைப்பற்றியவர் நம் பெயரில் மீண்டும் பதிவு செய்வதைத் தடுக்கப் பதிவுப் பூட்டு என்ற அமைப்பு உண்டு. அதைக் கட்டாயம் இயக்கிக்கொள்ள வேண்டும்.

பெகாசஸ் போன்ற உளவு மென்பொருள் கைபேசிக்குள்ளேயே புகுந்துவிட்டால், திரையில் தெரியும் அனைத்தையும் அது படித்துவிடும். அங்கே எந்தக் குறியாக்கமும் உதவாது. கைபேசி பறிமுதலானாலும் நிலைமை ஏறக்குறைய இதுவே. அப்போது சேதத்தைக் குறைப்பது, குறித்த காலத்துக்குப் பின் செய்திகளை அழிக்கும் வசதி மட்டுமே. புதிய உரையாடல்கள் எல்லாவற்றுக்கும் அதை ஒரே இடத்தில் அமைத்துவிடலாம் என்றாலும், தொடக்கத்தில் அது அணைத்தே வைக்கப்பட்டிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.