ஓஓ வண்டிகளை ஈஎம்முக்கு மாற்றுவதா, பி4-க்கு மாற்றுவதா?

பிரிட்டிஷ் ரயில்களை ஓர் அடிக்கு 4 மி.மீ. என்ற அளவில் (1:76) மாதிரிகளாகச் செய்பவர்களுக்குப் பாதையின் அகலம் ஒரு பழைய தலைவலி. நிஜப் பாதையின் 1435 மி.மீ. அகலம் இந்த அளவில் 18.83 மி.மீ. ஆக வேண்டும், கடையில் கிடைக்கும் ஓஓ (இந்த அளவிலான மாதிரிகளின் வழக்கமான வகை) தண்டவாளமோ 16.5 மி.மீ. மட்டுமே. பிரிட்டிஷ் இன்ஜின்கள் ஐரோப்பிய இன்ஜின்களைவிட ஒடுங்கியவை என்பதால் அக்கால மோட்டார்கள் அவற்றின் மாதிரிகளுக்குள் அடங்கவில்லை. எனவே உடலை மட்டும் பெரிதாக்கிவிட்டு, பாதையை எச்ஓ-வுக்குரிய (சற்றுச் சிறிய, 1:87 அளவுக்குரிய) அகலத்திலேயே விட்டுவிட்டார்கள். அதன் விளைவாக, நேர் எதிரே நின்று பார்க்கும்போது எந்த ஓஓ இன்ஜினும் இருக்க வேண்டியதைவிட ஏறத்தாழ 12 சதவீதம் குறுகலான பாதையில்தான் நிற்கிறது.

இதைத் திருத்த இரண்டு வழிகள் நிலைபெற்றுள்ளன. 18.2 மி.மீ. அகலமுள்ள ஈஎம் முதலாவது. அதற்கென 1955 முதல் ஒரு சங்கம் இயங்கிவருகிறது. 1960-களில் உருவான பி4 இரண்டாவது, அது 18.83 மி.மீ. என்ற அகலத்தை மட்டுமல்லாமல், சக்கர விளிம்பு (தண்டவாளத்தின் உட்புறம் இறங்கி வண்டியைத் தடத்தில் வைத்திருக்கும் பகுதி), தண்டவாளச் சந்திப்பின் இடைவெளி ஆகியவற்றையும் நிஜத்தின் விகிதத்துக்கு மிக நெருக்கமாகக் கொண்டுவருகிறது.

இந்த இரண்டையும் ஒப்பிடுவோர் பெரும்பாலும் அகலத்தைப் பற்றியே வாதிடுகிறார்கள். என் பார்வையில் அது தவறான இடத்தில் நடக்கும் சண்டை. இரண்டுக்கும் இடையே உள்ள 0.63 மி.மீ. வேறுபாட்டைக் கைக்கெட்டும் தூரத்திலிருந்து கண்டுபிடிக்கக்கூடியவர் அரிது. கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு பாயிண்டில்தான் (பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில்தான்) இருக்கிறது: ஈஎம் கிராசிங்கில், அதாவது அங்கே தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் புள்ளியில், சக்கர விளிம்பு செல்லும் இடைவெளி 1 மி.மீ., பி4-இல் ஏறத்தாழ 0.68 மி.மீ. வண்டிகளை மாற்றும் வேலையைப் பொறுத்தவரை அதைவிடவும் முக்கியமானது சக்கரத்தின் தடிமன்.

ஒரு சிறு கணக்கு இதைத் தெளிவாக்கும். சாதாரண ஓஓ சக்கரத்தின் தடிமன் ஏறத்தாழ 2.8 மி.மீ.; ஓர் அச்சிலுள்ள இரு சக்கரங்களின் உட்பக்கங்களுக்கு இடையே 14.5 மி.மீ.; ஆக, வெளிப்புறத்திலிருந்து வெளிப்புறம் வரை 20.1 மி.மீ. பி4-இல் உள்ளிடைவெளி 17.7 மி.மீ. வரை விரிந்தாலும் சக்கரம் 2 மி.மீ. தடிமனே கொண்டிருப்பதால் மொத்த அகலம் 21.7 மி.மீ.-இல் நின்றுவிடுகிறது. ஈஎம்முக்கென்றே செய்யப்பட்ட 2.3 மி.மீ. சக்கரங்களை 16.5 மி.மீ. உள்ளிடைவெளியில் பொருத்தினால் 21.1 மி.மீ. ஆகிறது. ஆனால் செலவை மிச்சப்படுத்த எண்ணி, வண்டியோடு வந்த ஓஓ சக்கரங்களையே அச்சில் வெளியே இழுத்து ஈஎம் ஆக்கினால் 22.1 மி.மீ. வந்துவிடும், அதாவது பி4-ஐவிடவும் அகலம். “ஈஎம்முக்கு மாற்றினேன், எல்லாம் உரசுகிறது” என்று அலுத்துக்கொள்பவர்களில் பலர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சரக்கு வேகன்களுக்கு இந்த உரசல் பெரிய தொல்லை அல்ல. 16 டன் நிலக்கரி வேகனை எடுத்துக்கொண்டால், அச்சுத் தாங்கிகளை விரலால் மெல்ல விரித்துப் பழைய சக்கரத் தொகுதியைக் கழற்றிவிட்டு, 26 மி.மீ. ஊசிமுனை அச்சுள்ள புதியதைப் பொருத்தினால் ஈஎம் வேலை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. அச்சு இறுகினால் தாங்கியின் குழியைச் சற்றே ஆழப்படுத்த வேண்டும். பிரேக் கட்டைகள் மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிடும். சக்கரம் ஒவ்வொரு பக்கமும் 0.85 மி.மீ. வெளியே நகர்ந்திருக்க, கட்டை அதற்கு உட்புறமாக வெற்றிடத்தை அழுத்திக்கொண்டிருப்பதுபோல் தெரியும்; அதை வெட்டி நகர்த்தி ஒட்டுவது அவரவர் மனசாட்சியைப் பொறுத்தது. பி4-இல் இந்த நகர்வு 1.17 மி.மீ. என்பதால் தவிர்க்க வழியில்லை.

பி4-இன் உண்மையான விலை வேறொரு இடத்தில் இருக்கிறது. அதன் சக்கர விளிம்பின் ஆழம் 0.4 மி.மீ. அளவே என்பதால், பாதையில் ஒரு சிறு மேடு இருந்தாலும் விறைப்பான அடிச்சட்டம் கொண்ட வேகனில் ஒரு சக்கரம் தூக்கிக்கொண்டு தடம் புரளும். எனவே ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் அச்சு ஆடும்படியான அமைப்போ, மெல்லிய கம்பியால் ஆன ஸ்பிரிங்கோ வைப்பது வழக்கம். பத்து வேகன்களுக்கு இது இன்பமான வேலை. நூறு வேகன்களுக்குச் சில ஆண்டுகளை விழுங்கும் வேலை. ஈஎம்மில், ஒழுங்காகப் போட்ட பாதையில் விறைப்பான வேகன்களே நன்றாக ஓடுகின்றன.

டீசல் இன்ஜின்களும் போகி (தனியே திரும்பும் சக்கரச் சட்டம்) வைத்த பயணிகள் பெட்டிகளும் இரண்டு அகலங்களுக்கும் எளிதாக இணங்கும்; பலவற்றுக்கு நேரடியாகப் பொருத்தக்கூடிய சக்கரத் தொகுதிகள் விற்பனைக்கு உண்டு, வந்து சேரும்வரை காத்திருக்கும் பொறுமை மட்டும் வேண்டும்.

வெளிப்புறச் சிலிண்டர் கொண்ட நீராவி இன்ஜின்களில்தான் தேர்வு கடினமாகிறது. முன் சக்கரத்தின் கிராங்க் ஊசி (இணைப்புத் தண்டு மாட்டப்படும் ஊசி), முன்னும் பின்னும் ஓடும் கிராஸ்ஹெட்டின் (பிஸ்டன் தண்டின் முனையிலுள்ள நகரும் கட்டையின்) பின்புறத்தை இடிக்காமல் சுழல வேண்டும். ஊசியின் திருகு மரையைச் சக்கர முகத்துக்குள் புதைத்து வைப்பதுதான் வழக்கமான தீர்வு. ஈஎம்முக்குரிய மெல்லிய சக்கரங்கள் இருந்தால் இதைப் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். பி4-இல் சிலிண்டர்களையே நகர்த்தி, சக்கர மூடிகளின் உட்புறத்தையும் சுரண்ட வேண்டிவரும். அந்த நிலையில் பித்தளைத் தகட்டால் புதிய அடிச்சட்டமே செய்துவிடுவது குறைந்த வேலை என்பேன்.

சக்கரங்களைத் தொடவே விரும்பாதவர்களுக்கு 16.2 மி.மீ. பாதை கொண்ட ஓஓ-எஸ்எஃப் இருக்கிறது. உள்ளிடைவெளியைச் சரிபார்த்துவிட்டால் போதும், பாயிண்டில் இடைவெளி 1 மி.மீ. ஆகக் குறைந்து வண்டிகள் குலுங்காமல் கடக்கும். குறுகலாகத் தெரியும் குறையை அது தீர்க்காது, ஒரு துளி அதிகமாக்கவும் செய்யும். ஆனாலும் நூற்றுக்கணக்கான வண்டிகள் வைத்திருப்பவருக்கு நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

வளைவுகளையும் கணக்கில் கொள்ள வேண்டும். கடைத் தண்டவாளத்தின் 438 மி.மீ. ஆர வளைவில் ஓடிய பெரிய இன்ஜினுக்கு ஈஎம்மில் 900 மி.மீ.-ஆவது ஒதுக்க வேண்டும், பி4-இல் 1200 மி.மீ. இருந்தால் நல்லது. அத்தனை இடம் இல்லாத அறையில் பி4 வேண்டுமென்றால், வேகன்களைப் பிரித்துச் சேர்க்கும் சின்னஞ்சிறு ஷண்டிங் யார்டு ஒன்றும், உட்புறச் சிலிண்டர் கொண்ட ஒரு டேங்க் இன்ஜினும் (நீரையும் கரியையும் தன்மேலேயே சுமக்கும் இன்ஜின்), பதினைந்து வேகன்களும் போதும் என்று முதலிலேயே முடிவுசெய்துவிட வேண்டும்.