அத்திவாரம் வெட்ட முன் எடுத்த காணி விபரங்கள்: ஏழெட்டு வருடத்துக்குப் பிறகு

எங்கள் காணி கிளிநொச்சி மாவட்டத்தில் கண்டாவளைப் பக்கம், கனகராயன் ஆறு சுண்டிக்குளக் கடல்நீரேரியை நோக்கிப் போகும் தாழ்ந்த நிலத்துக்குக் கிட்ட இருக்கிறது. அப்பாவின் பெயரில் இருந்த பெர்மிட் காணி, அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. 2017இல் வீடு கட்டினோம். கட்ட முன் கந்தோர்களில் எடுத்த விபரங்களில் எவை பிறகு உண்மையாகவே கைகொடுத்தன என்பதை எழுதுகிறேன்.

முதலில் பிரதேச செயலகத்துக் காணிப் பேரேடு. 2009 இடம்பெயர்வில் பெர்மிட்டைத் தொலைத்தவர்கள் வன்னியில் ஏராளம். மூலப்பிரதி இல்லையென்றால் காணியே இல்லை என்று சிலர் மனம் விட்டுவிடுகிறார்கள். பேரேடு தப்பியிருந்தால் அதில் பதிவு கிடக்கும். காணி உத்தியோகத்தர் பழுப்பேறிய பக்கத்தைப் புரட்டி, அப்பாவின் பெயர், துண்டு இலக்கம், பின்னுரித்தாளர் (அவருக்குப் பிறகு காணி யாருக்கு) என்று விரலை வைத்துக் காட்டினார். அந்தப் பின்னுரித்தாளர் நிரல் வெறுமையாக இருந்தால், பிற்காலத்தில் சகோதரங்களுக்குள் சண்டை வர அதுவே போதும். எங்களுடையதில் அம்மாவின் பெயர் இருந்தது. பெர்மிட் அல்லாமல் உறுதிப்பத்திரம் உள்ள காணி வைத்திருப்பவர்கள் இதற்குப் பதிலாகக் காணிப் பதிவகத்தில் ஈடு, வில்லங்கம் பார்க்க வேண்டும்.

அடுத்தது நில அளவைப் படம். ஒரு கந்தோரில் “படம் இல்லை, பிறகு வாங்கோ” என்றே அலைக்கழித்தார்கள். சரி என்று, 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி அங்குள்ள தகவல் அலுவலருக்கு எழுத்தில் கேட்டோம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். படப் பிரதி வந்தது. காணியின் பின்பக்கம் வாய்க்காலுக்கென விட்ட ஒதுக்கீடு அதில் தெளிவாக இருந்தது. ஈச்சம் பற்றைக்குள் புதைந்து கிடந்த எல்லைக்கல்லை சேவையர் (நில அளவையாளர்) அதை வைத்துத்தான் கண்டுபிடித்தார். வேலியை நம்பிக் கட்டியிருந்தால் குசினி முழுவதும் ஒதுக்கீட்டுக்குள் போயிருக்கும்.

முன்பக்கத்துக்கு வீதி எல்லைச் சான்றிதழ் வேண்டும். ஏ, பி தர வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை, உள்வீதி என்றால் பிரதேச சபை. வயல் நிலம் என்றால் கதை வேறு: 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி எழுத்து அனுமதி இல்லாமல் மண் நிரப்பக்கூடாது. காட்டோரக் காணிக்காரர் வனவளத் திணைக்களத்தின் எல்லையையும் கேட்டுக்கொள்ளுங்கள். கண்ணிவெடி அகற்றி முடிந்ததா என்பதையும் பிரதேச செயலகத்தில் விசாரிக்காமல் மண்வெட்டி போட வேண்டாம்.

எல்லாவற்றிலும் பெரிய பலன் தந்தது வெள்ள மட்டம் பற்றிய விபரம். இதை ஒருவரும் கேட்பதில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை. நீர்ப்பாசனக் கந்தோரில் ஒரு வயதான உத்தியோகத்தர், “தம்பி, இரணைமடுக் குளத்துக் கதவு திறந்தா தண்ணி எங்க வந்து நிக்கும் எண்டு பாத்திட்டு வெட்டுங்கோ” என்று சொல்லி, எங்கள் பக்கத்தில் முன்பு தண்ணீர் ஏறிய மட்டத்தையும் சொன்னார். அயலில் பழைய ஆட்களிடம் கேட்டு அதை ஒப்பிட்டுப் பார்த்து, அதற்கு மேல் இரண்டு அடி அத்திவாரத்தை ஏற்றினோம். கல்லும் மண்ணும் கூடுதலாகப் போயின, மேசனுக்கும் பிடிக்கவில்லை. 2018 டிசம்பர் பெருமழையில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஆயிரக்கணக்கானோர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். எங்கள் வளவெல்லாம் தண்ணீர். அது வாசற்படியின் மேலிருந்து இரண்டாவது படியோடு நின்றுவிட்டது. நெல் மூட்டையோ பிள்ளைகளின் கொப்பிகளோ நனையவில்லை.

இப்போது தங்கைக்கு ஒரு பகுதியைப் பிரித்துக் கொடுக்கப் போகிறோம். பெர்மிட் காணியை நினைத்தபடி பிரிக்க முடியாது, அதற்கும் பிரதேச செயலகத்தின் சம்மதம் வேண்டும். அதனால் பேரேட்டுப் பிரதியும் படமும் மறுபடி வெளியே வந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் அலைய நேரமில்லாதவர்கள் இந்த இரண்டையுமாவது முதலில் எடுங்கள், அப்புறம் நீர்ப்பாசனக் கந்தோருக்குப் போங்கள். பதிலை வாயால் வாங்காமல், திகதி போட்டுக் கையெழுத்தோடு வாங்குங்கள்.