பெங்களூரு நர்சிங் சீட் என்று வருபவரிடம் ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுக்காதீர்கள்

கேரளாவில் வண்டிப்பெரியாறு, பீர்மேடு, குமுளி பக்கம் பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கும் வீட்டுக்காரர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கம்பம், கூடலூர்க்காரர்களும் படிக்கலாம். நர்சிங் சீட் என்று சொல்லி எங்களிடம் பணமும் மகளின் சர்டிபிகேட்டும் வாங்கிப்போன ஏஜென்ட் மலையிறங்கி அங்கேயும் வருகிறார் என்று இப்போதுதான் தெரிகிறது. பெயர் போடவில்லை. மனு நடந்துகொண்டிருக்கிறது, இப்போது பெயர் போட்டால் அதையே சாக்காக வைத்து இழுத்தடிப்பார்கள் என்று வக்கீலம்மா சொன்னார். பெயரால் பெரிய பிரயோஜனமும் இல்லை. எங்களிடம் பணம் வாங்கியபோது மாட்டியிருந்த போர்டு இப்போது அங்கே இல்லை, வேறு பெயரில் வேறு போர்டு தொங்குகிறது.

எங்களைப் போன்றவர்களை ஏன் தேடி வருகிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரருக்கு எஸ்டேட் ஃபாக்டரியில் வேலை. எனக்கு டவுனில் சின்னதாக ஒரு தையல் கடை. மாமியார் தேயிலைக் கொழுந்து கிள்ளியே வயதானவர். மகள் பத்தாவது வரை தமிழ் மீடியம், அப்புறம் பயாலஜி குரூப், எல்லாம் கேரளா சிலபஸ். தமிழ்நாட்டுப் பக்கம் போனால் எட்டாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை எங்கே படித்தாய் என்பதுதான் முதல் கேள்வி. இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் அந்த ஐந்து வகுப்பையும் தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு நேட்டிவிட்டி சர்டிபிகேட்டே வேண்டாம். வெளியே படித்த பிள்ளை அதைக் கொண்டுபோய்க் காட்டியாக வேண்டும். மூன்று தலைமுறையாக மலையில் கிடக்கும் எங்களுக்கு அதை எந்தத் தாலுகா ஆபீஸில் தருவார்கள்? சரி, கேரளாவிலேயே பார்ப்போம் என்றால், எஸ்.சி. சாதிச் சான்றிதழுக்கு 1950-க்கு முன்பே குடும்பம் இங்கே இருந்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள். தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி கூட்டிவந்த தாத்தா என்ன ஆதாரத்தை வைத்துவிட்டுப் போனார்? எஸ்டேட்டின் பழைய செக்ரோலில், அதாவது வேலையாட்கள் பதிவேட்டில், பெயர் அகப்பட்டால் உண்டு. இரண்டு கதவும் எங்களுக்கு அரைகுறையாகத்தான் திறக்கும். அது இந்த ஏஜென்டுகளுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

ரிசல்ட்டுக்கு முன்பே ஒரு மண்டபத்தில் ‘இலவச உயர்கல்வி வழிகாட்டி முகாம்’ நடந்தது. சமோசா, டீ, ஒரு ஃபைல், ஒரு பேனா. வாசலில் ஒரு ஃபார்ம் வைத்திருந்தார்கள்: பிள்ளை பெயர், அப்பா வேலை, என்ன குரூப், போன் நம்பர். அந்த போன் நம்பர்தான் சமோசாவுக்கு விலை. ரிசல்ட் வந்த அன்று சாயந்திரமே அழைப்பு வந்துவிட்டது.

மறுநாள் ஆள் நாங்கள் இருக்கும் எஸ்டேட் லயத்து வீட்டுக்கே வந்தார். பேச்சு அவ்வளவு பதவிசு. “அக்கா, பாப்பாவுக்கு பெங்களூருல பி.எஸ்சி. நர்சிங் ரெடியா இருக்கு. நாலு வருசம் முடிச்சா லண்டன். அண்ணன் ரிட்டயர் ஆகுறதுக்குள்ள கீழ ஒரு வீடு கட்டிரலாம்.” இதைப் படிக்கும் வெளியூர்க்காரர்களுக்கு அந்தக் கடைசி வாக்கியத்தின் கனம் தெரியாது. ரிட்டயர் ஆனால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். ஒவ்வொரு எஸ்டேட் குடும்பமும் ராத்திரி அதை நினைத்துத்தான் புரண்டு படுக்கிறது. எந்த இடத்தில் தட்டினால் நாங்கள் இளகுவோம் என்று பார்த்துத்தான் தட்டினார்.

சீட் பிளாக் செய்ய 15,000 ரூபாய் என்றார். மீதி எல்லாம் எஜுகேஷன் லோன், கையிலிருந்து ஒரு பைசா வேண்டாம், பேங்க் வேலையும் அவர் பார்த்துக்கொள்வார். அப்புறம் எஸ்.எஸ்.எல்.சி., பிளஸ் டூ, டி.சி. மூன்றும் ஒரிஜினலாக வேண்டும், பெங்களூருவில் வெரிஃபிகேஷன் முடிந்ததும் ஒரு வாரத்தில் திரும்பி வரும் என்றார். நான் ஒரு நோட்டைக் கிழித்து, என்னென்ன சர்டிபிகேட், அதன் நம்பர், தேதி எல்லாம் எழுதி, “இதுல ஒரு கையெழுத்து போடுங்க தம்பி” என்றேன். சிரித்துக்கொண்டே போட்டார். “அக்கா வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்” என்று ஒரு பாராட்டு வேறு. ரேஷன் கார்டுக்கும் பட்டாவுக்கும் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவர்களுக்குத் தெரியும், கையெழுத்தில்லாமல் ஒரு காகிதம்கூடக் கையை விட்டுப் போகக் கூடாது. பின்னால் எங்களுக்குக் கைகொடுத்தது அந்த நோட்டுக் காகிதம்தான்.

கேரளாவில் நர்சிங்குக்குத் தனி வழி இருக்கிறது. அரசு நர்சிங் கல்லூரிகளுக்கும் சுயநிதிக் கல்லூரிகளில் உள்ள அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கும் கேரள அரசின் எல்.பி.எஸ். மையம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். ஏஜென்டிடம் கேட்டதற்கு, “அதெல்லாம் மலையாளி பிள்ளைங்களுக்கே பத்தாது, ஏன் வீணா ஃபீஸ் கட்டுறீங்க” என்றார். மகள் கேட்கவில்லை. அட்சயா என்கிற இ-சேவை சென்டரில் உட்கார்ந்து, தன் போன் நம்பரையே கொடுத்து, பாஸ்வேர்டைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டு, தானே விருப்பக் கல்லூரிகளை வரிசைப்படுத்திப் போட்டாள். பக்கத்து லயத்துப் பையனுக்கு அதையும் ஏஜென்ட்தான் செய்துகொடுத்தார். ஓ.டி.பி. அவர் போனுக்குப் போயிற்று, எந்தக் கல்லூரி போட்டிருக்கிறோம் என்பது பிள்ளைக்கே தெரியாது. எந்தக் கவுன்சிலிங் ஆனாலும் போன் நம்பர் பிள்ளையுடையதாகவோ உங்களுடையதாகவோ இருக்கட்டும். ஓ.டி.பி. யார் கையில் இருக்கிறதோ சீட் அவர் கையில்தான் இருக்கிறது.

இதற்குள் ஹாஸ்டல், யூனிஃபார்ம் என்று இன்னொரு 30,000 ஜிபேயில் போயிற்று. பணம் போனது கல்லூரிக் கணக்குக்கு அல்ல, ஒரு தனி ஆளின் நம்பருக்கு. ‘கல்லூரிக்குச் சேர்த்துக் கட்டிக்கொள்வோம்’ என்று வாட்ஸ்அப்பில் பதில். ரசீது கேட்டால் விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் எழுதித் தந்தார்.

குட்டு உடைந்தது பேங்கில்தான். லோன் பேப்பரை வாங்கிப் பார்த்த ஆபீசர், “இது எந்த யுனிவர்சிட்டி? அட்மிஷன் லெட்டர்ல அஃபிலியேஷனே இல்லையே” என்று கேட்டார். அப்போதுதான் அந்த லெட்டரை வரி வரியாகப் படித்தோம். தலைப்பில் கல்லூரி பெயருக்குப் பதில் ஒரு டிரஸ்டின் பெயர். படிப்பு என்ற இடத்தில் பி.எஸ்சி. நர்சிங் இல்லை, பேஷண்ட் கேர் டிப்ளமோ. போன் போட்டால், “அது ஒரு வருசம் தான் அக்கா, அப்புறம் நேரா நர்சிங் ரெண்டாம் வருசம் போயிரலாம்” என்கிறார். அப்படி ஒரு வழி கிடையாது. பி.எஸ்சி. நர்சிங் பிளஸ் டூவுக்குப் பிறகு நான்கு வருஷப் படிப்பு. போஸ்ட் பேசிக் என்று சுருக்கமான ஒன்று இருக்கிறது, ஆனால் அது ஜி.என்.எம். என்கிற நர்சிங் டிப்ளமோ முடித்து நர்ஸாகப் பதிவு செய்தவர்களுக்கு மட்டும். ஊர் பேர் தெரியாத டிப்ளமோவை வைத்துக்கொண்டு எந்தக் கல்லூரிக்குள்ளும் பக்கவாட்டில் நுழைய முடியாது.

மகள் அன்று ராத்திரியே போனில் உட்கார்ந்துவிட்டாள். கர்நாடகாவில் நர்சிங் கல்லூரிகள் பெரும்பாலும் ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருக்கும். இணைந்த கல்லூரிகளின் பட்டியல் அவர்கள் தளத்திலேயே கிடைக்கிறது. அதில் அந்தப் பெயர் இல்லை. “அம்மா, இவங்களுக்கு ஆஸ்பத்திரியே இல்லம்மா” என்றாள். அது எனக்குத் தெரியாத விஷயம். நர்சிங் கல்லூரி நடத்துபவர்களுக்கு 100 படுக்கை உள்ள சொந்த ஆஸ்பத்திரி வேண்டும் என்று இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி இருக்கிறது. ஆஸ்பத்திரியே இல்லாமல் ஊசி போட எங்கே கற்றுக்கொடுப்பார்கள், பொம்மைக்கா?

வீட்டுக்காரர் மகளையும் கூட்டிக்கொண்டு கம்பத்திலிருந்து ராத்திரி பஸ் பிடித்து பெங்களூரு போனார். கீழே மொபைல் கடை, பேக்கரி. மேலே மூன்றாவது மாடியில் நாலு ரூம், அதுதான் ‘கேம்பஸ்’. சர்டிபிகேட் கேட்டால், “அது உங்க ஏஜென்ட் கிட்டதான் இருக்கு”. ஏஜென்டைக் கேட்டால், “பெங்களூரு ஆபீஸ்ல லாக்கர்ல இருக்கு அண்ணே, முழு வருச ஃபீஸ் கட்டினாத்தான் ரிலீஸ் பண்ணுவாங்க”. ஒருத்தரைக் கேட்டால் இன்னொருத்தரைக் காட்டுவார்கள். இது தெரியாமல் நடக்கும் குழப்பம் இல்லை, இதுதான் அவர்கள் தொழிலே. டி.சி. இல்லாத பிள்ளை வேறு எங்கும் சேர முடியாது. சேர முடியாத பிள்ளையின் அப்பா அம்மா கடைசியில் கேட்ட பணத்தைக் கட்டிவிடுவார்கள்.

அந்த நேரம் பார்த்து எல்.பி.எஸ். அலாட்மென்ட் வந்தது. கோட்டயம் பக்கம் ஒரு கல்லூரி, மெரிட் சீட். குறித்த தேதிக்குள் ஒரிஜினலோடு போய்ச் சேர வேண்டும். நாங்கள் ஏஜென்டின் ஆபீஸ் வாசலில் போய் நின்றோம். ஷட்டர் இறக்கியிருந்தது, போன் சுவிட்ச் ஆஃப். தேதி போய்விட்டது. மகள் கத்தினாள்: “அப்ளை பண்ணது நான், மார்க் எடுத்தது நான், சீட் வாங்குனது நான். பேப்பர் மட்டும் அவன்கிட்ட!” 45,000 ரூபாயைச் சம்பாதித்துவிடலாம். அந்த சீட்டுக்கு யார் பதில் சொல்வது?

ஸ்டேஷனில் புகார் கொடுத்தோம். பணம் கொடுக்கல் வாங்கல், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பப் பார்த்தார்கள். தையல் கடைக்கு வரும் ஒரு டீச்சரம்மாதான் தாலூக் லீகல் சர்வீசஸ் கமிட்டிக்குப் போகச் சொன்னார். இதைப் பெண்கள் எல்லாரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்: 1987-ஆம் வருஷச் சட்டப்படி இலவச சட்ட உதவிக்குப் பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. எஸ்.சி., எஸ்.டி. குடும்பங்களுக்கும் அப்படித்தான். மனு என் பெயரில் போட்டோம். வக்கீலம்மாவுக்கு நாங்கள் ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. நோட்டீஸ் போனதும், லாக்கரில் இருந்ததாகச் சொன்ன சர்டிபிகேட் மூன்றும் ஏஜென்டின் பையிலிருந்தே வெளியே வந்தன. முதலில் “நான் வாங்கவே இல்லை” என்றுதான் ஆரம்பித்தார். அவர் கையெழுத்துப் போட்ட நோட்டுக் காகிதத்தை வக்கீலம்மா மேஜையில் வைத்ததும் பேச்சு மாறியது. 15,000 திரும்பி வந்துவிட்டது. 30,000 ‘கல்லூரிக்குப் போய்விட்டது’ என்று நிற்கிறார். அதற்குத்தான் இன்னும் நடந்துகொண்டிருக்கிறோம்.

ஃபீஸ் திரும்பப் பெறுவது பற்றி ஒன்று. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2018 அக்டோபரில் போட்ட அறிவிப்பின்படி எந்தக் கல்லூரியும் ஒரிஜினலைப் பிடித்து வைக்கக் கூடாது, பார்த்துவிட்டு அப்போதே திருப்பித் தர வேண்டும். சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பே விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வரும், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை பிடித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஆனால் இது பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிக்குக் கட்டி, அந்தக் கல்லூரியின் ரசீது வைத்திருப்பவர்களுக்கு. தனி ஆளின் ஜிபே நம்பருக்குப் போட்ட பணத்துக்கு யு.ஜி.சி. என்ன செய்யும்? கட்டுவதாக இருந்தால் கல்லூரியின் கணக்குக்கே கட்டுங்கள்.

லோனுக்கும் ஏஜென்ட் தேவையில்லை. வித்யாலட்சுமி தளத்தில் பிள்ளையே விண்ணப்பிக்கலாம். பேங்குகளின் பொதுத் திட்டத்தில் 4 லட்சம் வரை நாம் கைப்பணம் போட வேண்டாம், 7.5 லட்சம் வரை அடமானமும் கேட்கக் கூடாது. கல்லூரியை முடிவு செய்வதற்கு முன்பே பேங்கில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. அவர்கள் பணம் போவதால் அவர்கள் நம்மைவிட ஜாக்கிரதையாகப் பார்க்கிறார்கள்.

மகள் இப்போது பக்கத்துக் கல்லூரியில் பி.எஸ்சி. சுவாலஜி சேர்ந்திருக்கிறாள். அடுத்த வருஷம் எல்.பி.எஸ். வழியாகத் திரும்பவும் விண்ணப்பிப்பேன் என்கிறாள். நாங்கள் தடுக்கவில்லை. செக்ரோல் நகலுக்காக எஸ்டேட் ஆபீஸில் இப்போதே எழுதிக் கொடுத்திருக்கிறோம். சாதிச் சான்றிதழ் கிடைத்து மெரிட் சீட்டும் வந்தால் கேரள அரசின் இ-கிராண்ட்ஸ் உதவித்தொகையில் ஃபீஸ் பாரம் குறையும். இதையெல்லாம் ரிசல்ட் வந்த பிறகு தேடினால் முடியாது, பிளஸ் ஒன்னிலேயே தொடங்க வேண்டும்.

இதே ஆளிடம் சர்டிபிகேட் கொடுத்துவிட்டு இன்னும் ‘அடுத்த வாரம்’ கேட்டுக்கொண்டிருப்பவர்கள் ஏலப்பாறை பக்கமும் உண்டு என்று கேள்விப்படுகிறேன். கூட்டமாகப் போய்ச் சண்டை போடுவதால் பலனில்லை. ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாக பீர்மேடு கமிட்டியில் மனு கொடுங்கள். ஜிபே ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு, அவர் கொடுத்த லெட்டர், அந்த விசிட்டிங் கார்டு, எதையும் அழித்துவிடாதீர்கள். பிள்ளைக்கு அலாட்மென்ட் வந்திருந்தால் அந்த மெமோவையும் சேர்த்து வையுங்கள், தேதி நெருங்குகிறது என்று மனுவிலேயே எழுதச் சொல்லுங்கள். எங்களுக்கு நோட்டீஸ் போனபோது தேதி கடந்துவிட்டிருந்தது, உங்களில் சிலருக்கு இன்னும் கடந்திருக்காது.