மதுரையில் அத்தைக்கு எடுத்த ஸ்கேன்கள்

லண்டனிலிருந்து ஊருக்குப் போகிறவர்களை மதுரை ஸ்கேன் சென்டர்களின் வேகம் அசத்திவிடும். அங்கே ஜி.பி. என்கிற குடும்ப மருத்துவர் எழுதி, கடிதம் வந்து, அப்புறம்தான் தேதி. இங்கே கே.கே. நகரில் காலையில் சீட்டை நீட்டினால் சாயங்காலம் ரிப்போர்ட். ஃபிலிமையும் பெரிய கவரில் போட்டு நம் கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள். இந்த முறை அத்தையோடு அலைந்ததில் எனக்குத் தோன்றியது இதுதான்: ஊரில் எந்த ஸ்கேனும் கிடைக்கும், எது தேவை என்று நிதானமாகச் சொல்கிற ஆள்தான் லேசில் கிடைப்பதில்லை.

அத்தைக்குப் பெருங்குடலில் புற்றுநோய் வந்து ஆபரேஷன் முடிந்திருந்தது. வழக்கமான ரத்தப் பரிசோதனையில் சி.இ.ஏ. (இந்த நோய் திரும்பினால் ரத்தத்தில் கூடக்கூடிய ஒரு புரதம்) அளவு ஏறியிருந்ததால் கல்லீரலைப் பார்க்கச் சொன்னார்கள். குடலின் ரத்தம் போர்ட்டல் சிரை வழியாக நேரே கல்லீரலுக்குப் போவதால், இந்த நோய் பரவினால் பெரும்பாலும் முதலில் தங்குகிற இடம் அதுதான்.

முதலில் அல்ட்ராசவுண்ட். செலவு குறைவு, கதிர்வீச்சு கிடையாது. ‘கொழுப்புக் கல்லீரல், கட்டி எதுவும் இல்லை’ என்று வந்ததும் வீட்டில் பாயசம் வைக்காத குறை. மருத்துவர் மட்டும் சந்தோஷப்படவில்லை. கொழுப்பு படிந்த கல்லீரலில் ஒலி அலை ஆழம் வரை சரியாகப் போகாது, ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்த கட்டிகள் தப்பிவிடலாம், எடுப்பவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தும் மாறும் என்றார். சிடி ஸ்கேன் எழுதினார்.

சிடிக்கு முன்னால் ரத்தத்தில் கிரியேட்டினின் என்கிற சிறுநீரகக் கழிவின் அளவைப் பார்த்தார்கள். அயோடின் கலந்த மருந்தை நரம்பில் ஏற்றுவதால் சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும். மருந்து ஏறி 70 விநாடி வாக்கில் எடுக்கிற படம்தான் இதில் முக்கியம். நல்ல கல்லீரல் திசு தனக்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கைப் போர்ட்டல் சிரையிலிருந்து வாங்குகிறது. பரவி வந்த கட்டி பெரும்பாலும் தமனி ரத்தத்தை நம்பியிருக்கிறது. அதனால் அந்த நேரத்தில் கல்லீரல் வெளுத்துத் தெரிய, கட்டி கறுப்பாக நிற்கும். நெஞ்சு, வயிறு, இடுப்பு எல்லாம் ஒரே மூச்சில் பார்த்துவிடலாம் என்பதால் இந்த நோய்க்குச் சிடிதான் முதல் வேலைக்காரன். அத்தைக்கு ஒரு சின்னப் புள்ளி தெரிந்தது. என்னவென்று உறுதியாகச் சொல்ல முடியாத அளவு சிறியது.

இங்கேதான் குழப்பம் ஆரம்பித்தது. சித்தப்பாவில் தொடங்கி எதிர்வீட்டுக்காரர் வரை ‘பேசாம பெட் ஸ்கேன் எடுத்துடுங்க, அதுலதான் எல்லாம் தெரியும்’ என்றார்கள். ஒரு சென்டரில் சீட்டைக்கூடப் படிக்காமல் 20,000 ரூபாய்க்குப் பக்கம் சொல்லி, உடனே டோக்கன் போடட்டுமா என்று கேட்டார்கள். வரவேற்பில் இருந்த பெண் ‘கேன்சர் கேஸா?’ என்று கூடமே திரும்பிப் பார்க்கிற மாதிரி கேட்டது தனி எரிச்சல்.

மதுரையிலேயே ஒரு கல்லீரல் அறுவை மருத்துவர் பொறுமையாக விளக்கினார். பெட் ஸ்கேனில் ஏற்றுவது கதிரியக்கச் சர்க்கரை. கல்லீரலே அதில் ஓரளவு இழுத்துக்கொள்ளும் என்பதால் சின்னக் கட்டி அந்த வெளிச்சத்தில் கரைந்துபோகும். சளி போன்ற பொருள் சுரக்கும் சில குடல் கட்டிகள் சர்க்கரையை அதிகம் எடுப்பதும் இல்லை. சின்னப் புள்ளிக்கு எம்ஆர்ஐதான் சரி, அதுவும் கல்லீரல் செல்கள் உறிஞ்சுகிற பிரைமோவிஸ்ட் மருந்தோடு என்றார். ஏற்றி 20 நிமிடம் கழித்து எடுத்தால் கல்லீரல் முழுக்க ஒளிரும். பரவி வந்த கட்டியில் கல்லீரல் செல் கிடையாது, அதனால் ஓட்டை போட்ட மாதிரி கறுப்பாகத் தெரியும். எல்லா சென்டரிலும் அந்த மருந்தைக் கையிருப்பில் வைப்பதில்லை, போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் போனோம்.

உள்ளே மூச்சை இழுத்துப் பிடி, விடு என்று படுத்தியதில் அத்தைக்குக் கோபம். “எத்தனை தடவைதான்டா படம் பிடிப்பாங்க?” என்றார். ஆனால் சிடியில் ஒன்றாக இருந்தது இதில் இரண்டாக வந்தது. பக்கத்திலேயே இன்னொன்று. ஆபரேஷனில் எவ்வளவு வெட்டுவது என்ற கணக்கே அதனால் மாறியது.

அப்புறம் பெட்டும் சிடியும் சேர்ந்த பெட் சிடி ஸ்கேனும் எடுத்தோம், இப்போது வேறு கேள்விக்காக. நோய் கல்லீரலுக்கு வெளியேயும் போயிருந்தால் கல்லீரலை வெட்டுவதில் பல நேரம் பெரிய பலன் இருக்காது. முதல் நாள் போனபோது அத்தைக்குச் சர்க்கரை எகிறியிருந்ததால் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ரத்தத்தில் சர்க்கரை கூடினால் படம் தெளியாது. சர்க்கரை நோய் இருப்பதை முன்பதிவிலேயே சொல்லியிருந்தும் யாரும் எச்சரிக்கவில்லை. அந்தக் கதிரியக்கச் சர்க்கரையின் வீரியம் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும் என்பதால் நமக்காக எடுத்துவைத்துக் காத்திருக்கவும் முடியாது. மறுமுறை போனபோது, நல்லவேளை, வெளியே எதுவும் இல்லை. ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருக்கிறார்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்து பெற்றவர்களை, பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்களுக்கு ஒன்று. ஃபிலிமோடு, ஸ்கேன் படங்களை டைகாம் என்கிற மருத்துவக் கணினி வடிவில் பதிந்த குறுந்தட்டையும் கேட்டு வாங்குங்கள், அங்கேயே கணினியில் போட்டுத் திறக்கிறதா என்று பாருங்கள். எங்களுக்குக் கொடுத்த ஒன்று திறக்கவில்லை, இன்னொரு நாள் அதற்கென்றே போக வேண்டியதாயிற்று. வாட்ஸாப்பில் ஃபிலிமை போட்டோ பிடித்து அனுப்பினால் எந்த அறுவை மருத்துவரும் அதை வைத்து முடிவெடுக்கமாட்டார்.